இளவரசி ஆனார், நடிப்பை விட்டார்!



என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன வாரம் வந்தது எல்லா விதத்திலும் நல்ல இடம். ஆனால், கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட்டுடணும் என்றார்கள். மகள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது கிரேஸ் கெல்லி ஞாபகம் வந்தார். ராஜா வீட்டுக்கு மருமகளாகப் போய், தொழிலை விட்டவர் அவர். அவர் கதையை உங்களுக்கும் சொல்லத் தோன்றியது.

கிரேஸ் 1929-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். அப்பா செங்கல் அடுக்கும் கொத்தனாராக ஆரம்பித்து, பெரிய கட்டட கான்ட்ராக்டர் ஆனவர். படகுப் போட்டியில் 3 ஒலிம்பிக் தங்கம் வாங்கியவரும் கூட! மகள் நியூயார்க் போய் நடிப்புப் படித்தார். மொத்தமே 11 படங்கள்தான். 1955-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிசு கிடைத்தது.

அதே வருஷம் பிரான்சில் கான் திரைப்பட விழாவுக்குப் போனவர், ஒரு பத்திரிகைப் படத்துக்காக மொனாக்கோ அரண்மனைக்குப் போனார். அங்கேதான் இளவரசர் ரெய்னியரைச் சந்தித்தார்.

மொனாக்கோ கடலோரத்தில் ஒரு குட்டி நாடு. மொத்தமே சுமார் 500 ஏக்கர்தான், ஒரு மணி நேரத்தில் நடந்தே கடந்துவிடலாம். அங்கே ராஜா கிடையாது, ஆள்பவருக்கே இளவரசர் என்றுதான் பட்டம். உலகப் புகழ் பெற்ற சூதாட்ட மாளிகை அங்கே இருக்கு. ஆனால், சொந்தக் குடிமக்கள் அதில் சூதாடக் கூடாது! 1869-லிருந்து வருமான வரியும் இல்லை. குடியிருப்பவர்களில் நாலில் ஒருவர்தான் சொந்த நாட்டுக்காரர்; மற்றவர்கள் எல்லாம் வெளிநாட்டார்.

இவ்வளவு பணக்கார நாட்டுக்கும் ஒரு கவலை இருந்தது. 1918-ல் போட்ட ஒப்பந்தப்படி, அரண்மனைக்கு வாரிசு இல்லாமல் போனால் நாடு பிரான்சின் பாதுகாப்புக்குக் கீழே போய்விடும். ரெய்னியருக்கோ அப்போது கல்யாணமே ஆகவில்லை. ஆகவே வரப்போகும் மருமகளிடம் நாடே ஒரு குழந்தையை எதிர்பார்த்தது. பெண் வீட்டார் 20 லட்சம் டாலர் வரதட்சணை கொடுத்ததாகவும், அப்பா முதலில் முரண்டு பிடித்ததாகவும் கிரேஸின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அங்கேயுமா என்று எனக்கு ஆச்சரியமாய்ப் போச்சு.

1956 ஏப்ரல் 19-ல் சர்ச்சில் கல்யாணம். அதற்கு முந்தின நாளே பதிவுத் திருமணம் ஆகியிருந்தது. டி.வி.யில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அப்போது கிரேஸுக்கு வயசு 26. நடிப்பும் அதோடு நின்றது. சரியாக 9 மாதமும் 4 நாளும் கழித்து கரோலின் பிறந்தாள். அடுத்த வருஷமே, 1958-ல், ஆல்பர்ட் பிறந்ததும் வாரிசு உரிமை தம்பிக்குப் போய்விட்டது. 1965-ல் ஸ்டெஃபனி பிறந்தாள். அந்த வழக்கம் இன்றும் மாறவில்லை. 2014-ல் ஆல்பர்ட்டுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது முதலில் பிறந்தது பெண்தான். ஆனாலும் பட்டத்து வாரிசு பின்னால் பிறந்த பையன்.

1962-ல் டைரக்டர் ஹிட்ச்காக் மறுபடி நடிக்கக் கூப்பிட்டார். கிரேஸ் சம்மதித்தார், அரண்மனையும் அறிவித்துவிட்டது. ஆனால், எங்கள் இளவரசி சினிமாவில் நடிப்பதா என்று ஊர் ஜனங்கள் எதிர்த்தார்கள். அந்த வருஷம் வரி விஷயமாகப் பிரான்சோடு தகராறு வேறு. கடைசியில் கிரேஸ் விலகிக்கொண்டார். வேறொரு நடிகை நடித்து 'மார்னி' படம் வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், மொனாக்கோ பெண்களுக்குத் தேசிய ஓட்டுரிமை கிடைத்ததும் அதே 1962-ல்தான்!

அவர் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தார். 1963-ல் குழந்தைகளுக்காக ஓர் உலக அமைப்பு தொடங்கினார். பூக்களை உலர்த்தி ஒட்டிப் படங்கள் செய்தார். 46-வது வயசில், 1976-ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவில் மேடையேறிக் கவிதைகள் வாசித்தார். நடிப்பு இல்லைதான். ஆனாலும் 20 வருஷம் கழித்து மறுபடி ஒரு மேடை. அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

1982 செப்டம்பர் 13-ல் கடைசி மகளோடு தானே காரை ஓட்டி மலைச்சாலையில் இறங்கி வந்தார். வழியில் பக்கவாதம் தாக்கியதாக டாக்டர்கள் பிறகு சொன்னார்கள். கார் பள்ளத்தில் விழுந்தது. மகள் பிழைத்தாள். மறுநாள் கிரேஸ் போய்விட்டார், 52 வயசில். கல்யாணம் நடந்த அதே சர்ச்சில்தான் அடக்கம். ரெய்னியர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 2005-ல் அவரையும் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

கிரேஸ் தானாக யோசித்துத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டார், நல்லபடியாகக் குடும்பமும் நடத்தினார். ஆனால், மனசார விட்டாலும், கைவந்த தொழிலை அடியோடு மறக்கிறது லேசான காரியமில்லை. இதை நாம் பெண்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வரன் வீட்டாருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நீயே யோசித்துச் சொல்லும்மா, அவசரமில்லை என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.