ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன்

ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் (பெப்ரவரி 27, 1856 - மார்ச் 21, 1917) ஒரு செருமானிய வேதியியலாளர் ஆவார். நோவகெயின் என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்பட்ட புரோக்கெயின் மருந்தை முதன்முதலில் உருவாக்கியவர் இவரே. உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் உள்ளிட உணர்வகற்றிகள் எனப்படுகின்றன. ஊசி வழியே செலுத்தத்தக்க இவ்வகை மருந்துகளுள் பாதுகாப்பான முதல் செயற்கை மருந்தாகப் புரோக்கெயின் கருதப்படுகின்றது.

வாழ்க்கைக் குறிப்பு

ஐன்ஹார்ன் செருமனியின் ஆம்பர்கு நகரில் பிறந்தார். வேதியியல் பயின்று, 1878 ஆம் ஆண்டு தூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தமது ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை மியூனிக்கில், அடால்ஃப் ஃபொன் பேயரின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். 1915 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு வில்சிட்டாட்டர் இவரிடம் கோக்கெயின் குறித்து ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். ஐன்ஹார்ன் 1917 இல் மியூனிக்கில் காலமானார்.

கோக்கெயினுக்கு மாற்று

1884 இல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கோலர், கோக்கெயின் கரைசலைக் கண்ணில் இட்டு வலியின்றி அறுவை செய்யலாம் எனக் காட்டினார். அதைத் தொடர்ந்து அம்மருந்தை நரம்புகளை ஒட்டி ஊசியாகச் செலுத்தும் முறையும் பரவியது. ஆனால் கோக்கெயின் நச்சுத்தன்மை உடையது; பழக்க அடிமைத்தனத்தையும் உண்டாக்குவது. தம் உடலிலேயே அதைச் சோதித்த அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஆல்சிட்டெட் அதற்கு அடிமையானார்.

இக்குறைகள் அற்ற மாற்று மருந்தொன்றை ஐன்ஹார்ன் பல ஆண்டுகள் தேடினார். முதலில் உருவாக்கிய ஆர்த்தோஃபார்ம் நீரில் எளிதில் கரையாததால் ஊசிக்கு உதவவில்லை. அடுத்து வந்த நிர்வானின் கரைந்தாலும் திசுக்களை உறுத்தியது. இறுதியில் 1904 இல் புரோக்கெயினுக்குக் காப்புரிமை கோரப்பட்டது. 1905 இல் லைப்சிக் அறுவை மருத்துவர் ஐன்ரிக் பிரவுன் அதனை மருத்துவத்தில் அறிமுகம் செய்தார். புரோக்கெயின் குருதியில் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் அதன் செயல்நேரம் குறைவு. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினைச் சிறிதளவு சேர்த்து இக்குறையைப் பிரவுன் ஈடுசெய்தார். பல் மருத்துவத்தில் இம்மருந்து நெடுங்காலம் கோலோச்சியது.

போர்க்காலத் தட்டுப்பாடு

நோவகெயினை ஏக்சிட்டு நிறுவனம் செருமனியில் தயாரித்தது. முதல் உலகப் போர் தொடங்கியபின் பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் செருமானிய ஏற்றுமதி தடைப்பட்டது. ஒரே நாட்டை நம்பியிருந்த மருத்துவர்கள் மருந்தின்றித் தவித்தனர். பிரித்தானியாவில் செயின்ட் ஆன்ட்ரூசு பல்கலைக்கழக வேதியியல் ஆய்வுக்கூடம், சேம்சு இர்வின் தலைமையில், நோவகெயின், ஆர்த்தோஃபார்ம் ஆகியவற்றின் தயாரிப்பில் ஈடுபட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் 1917 அக்டோபரில், ஐன்ஹார்ன் மறைந்து சில மாதங்களுக்குப் பின், எதிரி நாட்டாருடனான வணிகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி உள்நாட்டு நிறுவனங்கள் உரிமம் பெற்று, செருமானியக் காப்புரிமைக்கு உட்பட்ட இம்மருந்தைத் தயாரித்தன. வணிகப் பெயருக்கு மாற்றாகப் புரோக்கெயின் என்ற பொதுப் பெயர் அங்கு வழக்கிற்கு வந்தது இதன் விளைவே.

பிற்கால நிலை

1943 இல் சுவீடனின் நில்சு லோஃப்கிரன் உருவாக்கிய லிடோகெயின், 1948 முதல் விற்பனைக்கு வந்து புரோக்கெயினின் இடத்தைப் பிடித்தது. புரோக்கெயின் சிதையும்போது உண்டாகும் பாரா-அமினோபென்சோயிக் அமிலம் சிலருக்கு ஒவ்வாமை தருவதும் இம்மாற்றத்திற்கு ஒரு காரணம்.

தட்டுப்பாடு போருடன் முடியவில்லை. 2010களிலும் அதன் பின்னரும் ஐக்கிய அமெரிக்காவில் லிடோகெயின் ஊசிமருந்து பலமுறை கிடைக்காமற் போனது. நுண்ணுயிர் நீக்கிய ஊசிமருந்துகளை மிகச் சில நிறுவனங்களே தயாரிப்பதால், ஓர் ஆலை நின்றாலும் பாதிப்பு பரவுகின்றது. அத்தகைய வேளைகளில் மெப்பிவக்கெயின், பியூப்பிவக்கெயின், புரோக்கெயினின் வழிவந்த குளோரோபுரோக்கெயின் முதலியன மாற்றாகப் பயன்படுகின்றன.

இவை ஒன்றுக்கொன்று முற்றிலும் ஒத்தவையல்ல. ஆதலால் மாற்று மருந்து பெறும் நோயாளர், எந்த மருந்து செலுத்தப்படும் என்பதை முன்னரே கேட்டறிவது நன்று. முன்பு மரப்பூசிக்கு ஒவ்வாமை ஏற்பட்டிருப்பின் அம்மருந்தின் பெயரையும், இதய நோய் இருப்பின் அதனையும் மருத்துவரிடம் கூறவேண்டும். பியூப்பிவக்கெயினால் மரப்பு பல மணிநேரம் நீடிக்கக்கூடும் என்பதால், பல் சிகிச்சைக்குப் பின் உதட்டையோ நாக்கையோ கடித்துக்கொள்ளாதிருக்கக் கவனம் தேவை. அவசரமற்ற சிகிச்சையாயின் ஒத்திவைக்கலாமா எனவும் கேட்கலாம்.

பிற பங்களிப்புகள்

1898 இல் பாலிகார்பனேட்டு எனப்படும் நெகிழி வகையையும் ஐன்ஹார்ன் முதன்முதலில் உருவாக்கினார். எனினும் 1950களில்தான் பிறர் அதனை மீளக் கண்டறிந்து தொழில்முறையில் பயன்படுத்தினர்.