ஒரு குதிரைக்காக ஒரு நகரம்: புசெபலஸை இழந்த அலெக்சாண்டர் என்ன செய்தார்?

கி.மு. 326. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் ஓடும் ஜீலம் நதிக்கரை. போரஸ் மன்னருடன் நடந்த கடும் போரில் ஜெயித்துவிட்டார் அலெக்சாண்டர். ஆனால் அந்த வெற்றியைக் கொண்டாட முடியாதபடி ஒரு சாவு. இறந்தது தளபதி இல்லை, சொந்தக்காரர் இல்லை. சின்ன வயசிலிருந்து அவரைச் சுமந்த குதிரை, புசெபலஸ்.

பத்து வருஷத்துக்கும் மேலாகப் போர்க்களத்திலேயே வாழ்ந்தவர், சாவைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். அப்படிப்பட்டவர் இந்த ஒரு இழப்பை எப்படித் தாங்கினார்?

யாருக்கும் அடங்காத குதிரை

அலெக்சாண்டர் பிறந்தது கி.மு. 356-ல், மாசிடோனியாவின் தலைநகர் பெல்லாவில். அப்பா மன்னர் இரண்டாம் பிலிப். ஒருநாள் தெசலி நாட்டு வியாபாரி ஒருவர் இந்தக் குதிரையை அரண்மனைக்கு ஓட்டி வந்தார். சொன்ன விலை 13 தாலந்து. ஒரு தாலந்து என்பது சுமார் 26 கிலோ வெள்ளி. மொத்தமாகக் கணக்குப் போட்டால் 330 கிலோவுக்கு மேல் வெள்ளி! அவ்வளவு விலை சொன்ன குதிரை யாரையும் கிட்டவே விடவில்லை. பிலிப் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்.

சிறுவன் அலெக்சாண்டர் ஒன்றைக் கவனித்தார். குதிரை மிரள்வது மனிதர்களைப் பார்த்து இல்லை, தரையில் ஆடும் தன் நிழலைப் பார்த்துத்தான். முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினார், தடவிக் கொடுத்தார், ஏறி உட்கார்ந்தார். இந்தக் கதையைச் சொல்வது புளூட்டார்க். அலெக்சாண்டர் இறந்து நானூறு வருஷத்துக்குப் பிறகு எழுதியவர் அவர் என்பதால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்.

புசெபலஸ் என்றால் 'காளைத் தலை'. உடம்பில் காளைத் தலை முத்திரை குத்தியிருந்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள் சிலர். தலை பெரியது, அதனால்தான் என்கிறார்கள் வேறு சிலர்.

இன்னொரு குதிரையும் செத்தது

இங்கே ஒரு விஷயம் முக்கியம். அலெக்சாண்டர் எல்லாக் குதிரைக்காகவும் உருகியவர் கிடையாது. கி.மு. 334-ல் கிரானிகஸ் ஆற்றங்கரையில் பாரசீகர்களோடு மோதியபோது அவர் ஏறியிருந்த குதிரை வெட்டுப்பட்டுச் செத்தது. அது புசெபலஸ் இல்லை, வேறொன்று. அதற்காக அவர் துக்கப்பட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை. வேறு குதிரை, அடுத்த போர். அவ்வளவுதான்.

புசெபலஸ் விஷயத்தில் மட்டும் கணக்கே வேறு. வயசாகிவிட்டது என்பதால் கி.மு. 331-ல் கௌகமேலா போரில் படையை அணிவகுக்கும் நேரத்தில் வேறு குதிரையைத்தான் ஓட்டினார். தாக்குதல் தொடங்கும் நிமிடத்தில்தான் புசெபலஸைக் கொண்டுவரச் சொன்னார்.

காஸ்பியன் கடலுக்குத் தெற்கே ஒருமுறை உள்ளூர்க்காரர்கள் குதிரையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். திருப்பித் தராவிட்டால் பெண்கள், குழந்தைகளோடு சேர்த்து எல்லாரையும் கொன்றுவிடுவதாகச் சொல்லி அனுப்பினார் அலெக்சாண்டர். பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களை ஒன்றும் செய்யாமல் விட்டதோடு, பிடித்தவர்களுக்குப் பணமும் கொடுத்தாராம். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் பயமுறுத்துகிற பாசம்.

ஜீலம் நதிக்கரையில் என்ன நடந்தது?

மழைக்காலம். ஆறு பொங்கி ஓடுகிறது. எதிர்க்கரையில் யானைப் படையோடு நிற்கிறார் போரஸ். இரவில், கொட்டும் மழையில் வேறொரு இடத்தில் ஆற்றைக் கடந்து தாக்கினார் அலெக்சாண்டர்.

புசெபலஸ் எப்படி இறந்தது என்பதில் மூன்று கதைகள் உண்டு. போரில் பட்ட காயத்தால் என்பது ஒன்று. ஆற்றைக் கடந்ததும் நடந்த முதல் மோதலிலேயே போரஸின் மகன் கையால் என்பது இன்னொன்று. முதுமையும் களைப்பும்தான் காரணம், வயது 30 என்பது மூன்றாவது. 30 வயது என்றால் குதிரையும் அலெக்சாண்டரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள் ஆகிவிடும்! அப்படியானால் பெல்லாவுக்கு வந்தபோதே அது வளர்ந்து முடிந்த குதிரையாக இருந்திருக்கணும். முரட்டுக் குட்டிக் கதையோடு இது அவ்வளவாக ஒட்டவில்லை.

எப்படி இறந்திருந்தாலும், நெருங்கிய நண்பனைப் பறிகொடுத்தவர் போல் அலெக்சாண்டர் உடைந்துபோனார் என்கிறார் புளூட்டார்க். அதன் பிறகு அவர் செய்ததுதான் வித்தியாசமானது. ஆற்றங்கரையில் இரண்டு நகரங்களுக்கு அடிக்கல் போட்டார். போர் நடந்த இடத்தில் வெற்றியின் பெயரால் நிகேயா. ஆற்றைக் கடக்கப் புறப்பட்ட இடத்தில் குதிரையின் பெயரால் புசெபலா. போன இடமெல்லாம் தன் பெயரில் அலெக்சாண்ட்ரியா கட்டிக்கொண்டிருந்தவர் இவர். ஒரு நகரத்தை வேறொரு உயிருக்கு விட்டுக்கொடுத்தது அவரைப் பொறுத்தவரை சின்ன விஷயம் இல்லை.

அதே போரில் போரஸ் தன் இரண்டு மகன்களை இழந்தார். இரண்டு பக்கமும் விழுந்த வீரர்கள் ஏராளம். அவர்கள் யார் பெயரிலும் ஊர் எழும்பவில்லை.

துக்கத்துக்காக அலெக்சாண்டர் நின்றுவிடவும் இல்லை. கிழக்கே மேலும் முன்னேறினார். பியாஸ் நதியில் படைவீரர்கள் இனி வரமாட்டோம் என்று மறுத்த பிறகுதான் திரும்பினார். மறுபடி ஜீலம் வந்து பார்த்தால், புது நகரங்கள் இரண்டையும் மழை சிதைத்திருந்தது. களைத்துப்போன, வீடு திரும்பத் துடித்த அதே படையை வைத்து இரண்டையும் சரிசெய்தார். அதற்குப் பிறகுதான் படகில் ஏறிக் கடலை நோக்கிப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து, கி.மு. 324-ல், உயிர் நண்பன் ஹெபஸ்தியோன் எக்படானாவில் காய்ச்சலில் இறந்தபோது அலெக்சாண்டரால் இப்படி நிதானமாக இருக்க முடியவில்லை. சிகிச்சை பார்த்த வைத்தியரைக் கொல்லச் சொன்னார். துக்கத்தின் அடையாளமாகப் படையிலிருந்த எல்லாக் குதிரைகளின் பிடரி மயிரையும் வாலையும் வெட்டச் சொன்னார். அடுத்த வருஷமே, 32 வயதில், பாபிலோனில் அவரும் இறந்துபோனார்.

புசெபலா சரியாக எங்கே இருந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. இன்றைய ஜீலம் நகரம்தான் என்கிறார்கள் சிலர், ஆற்றோரமாக இன்னும் தெற்கே உள்ள ஜலால்பூர் ஷரீப் பக்கம் என்கிறார்கள் வேறு சிலர். ஆனால் பெயர் மட்டும் ரொம்ப நாள் தாக்குப்பிடித்தது. நம்ம முசிறியைப் பற்றிப் பேசும் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூலை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்த நூலிலும், வடமேற்கு இந்தியாவைப் பற்றிச் சொல்லும் இடத்தில், அந்தக் குதிரையின் பெயரில் ஒரு ஊர் வருகிறது.