ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 1960) வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கிய அமெரிக்க மருத்துவர் ஆவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் (சி.எம்.சி.) இவர் 1900 ஆம் ஆண்டில் தொடங்கிய சிறு மருந்தகத்திலிருந்து வளர்ந்தவை. சிறிது காலம் பெற்றோருக்கு உதவிவிட்டுத் தாய்நாடு திரும்பும் எண்ணத்துடன் 1890 ஆம் ஆண்டில் தமிழகம் வந்த இவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார். தாமே நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்ததோடு நில்லாமல், இந்தியப் பெண்களை மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்தது இவரது முதன்மையான பணியாகக் கருதப்படுகிறது.

குடும்பம்

இவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், நியூயார்க் நகரில் மருத்துவராக இருந்தவர். 1819 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணப் பகுதியில் உள்ள பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியும் பள்ளிப் பணியும் ஆற்றினார். பின்னர் சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளுள் பலர் தென்னிந்தியாவில் மறைப்பணியாளர்களாக விளங்கினர். 1853 ஆம் ஆண்டில் அமைந்த அமெரிக்க ஆற்காடு மிஷன் இக்குடும்பத்தாரின் முயற்சியால் உருவானதாகும். ஐடாவின் தந்தை இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே. தாயார் சோபியா வெல்டு.

இளமை

ஐடா, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த இராணிப்பேட்டையில் பிறந்தார். இவரது குழந்தைப் பருவத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. உணவு தேடி வந்த ஆதரவற்ற குழந்தைகளுக்கு இவரது பெற்றோர் உணவளித்தனர். சிறுமியாக இருந்த ஐடாவும், ரொட்டியைக் கையில் வாங்கவும் வலுவற்றிருந்த குழந்தைகளின் வாயில் துண்டு துண்டாக ஊட்டினார் என அவரது வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இக்காட்சிகள் அவர் உள்ளத்தை வருத்தின. பின்னர் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் பெற்றோர் மீண்டும் இந்தியா வந்துவிட, ஐடா உறவினர் வீட்டில் வளர்ந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் பயின்றார். பஞ்ச நினைவுகளும் பெற்றோரைப் பிரிந்திருந்த துயரமும் சேர்ந்து, மறைப்பணியாளராக ஆவதில்லை என்ற முடிவை அவரிடம் உறுதியாக்கின.

திண்டிவனத்தில்

1890 ஆம் ஆண்டில் தாயார் நோயுற்றிருந்ததால் ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். தாயாரைப் பேணியதோடு, அங்கிருந்த சிறுமியர் பள்ளியில் பாடம் கற்பிக்கும் வேலையிலும் உதவினார். இது தற்காலிகமான பணியே என்பது அவர் எண்ணமாக இருந்தது.

ஓர் இரவில் நிகழ்ந்தவை அந்த எண்ணத்தை மாற்றின. பிரசவ வேதனையில் இருந்த தம் இளம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு பிராமணர் ஒருவர் ஐடாவை அழைத்தார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். அயல் ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பது வழக்கத்துக்கு மாறானது எனக் கூறி அவர் திரும்பிச் சென்றார். அதே இரவில் ஒரு முசுலிமும், மற்றோர் இந்துவும் அதே வேண்டுகோளுடன் வந்து, அதே காரணத்தால் திரும்பினர். மறுநாள் காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. மருத்துவர் அருகிலேயே இருந்தும், பெண் மருத்துவர் இல்லாத காரணத்தால் நேர்ந்த மரணங்கள் அவை. நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்று உணர்ந்த ஐடா, மருத்துவம் படிக்க முடிவு செய்தார்.

மருத்துவக் கல்வி

1895 ஆம் ஆண்டில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க்கில் இருந்த கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியபோது அங்கு மாறி, 1899 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்களுள் இவரும் ஒருவர். இந்தியா புறப்படும் முன் மருத்துவமனைக்கு நிதி திரட்டினார். நியூயார்க் வங்கியாளர் இராபர்ட் ஷெல், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார்.

வேலூரில் மருத்துவப் பணி

1900 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தார். தந்தையிடம் அனுபவம் பெறலாம் என எண்ணியிருந்த நிலையில், அதே ஆண்டில் தந்தை காலமானார். தொடக்கத்தில் பெண்கள் அவரிடம் வரத் தயங்கினர். மிஷன் பங்களாவில் ஒரு சிறிய அறையே அவருடைய மருந்தகமாக இருந்தது. சலோமி என்ற உள்ளூர்ப் பெண் அவருக்கு உதவியாளராக இருந்து, வேலை செய்துகொண்டே செவிலியர் பணியைக் கற்றார். நாளடைவில் கூட்டம் பெருகியது. 1902 ஆம் ஆண்டில் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனைக்கு வர இயலாத கிராம மக்களுக்காக, குடியாத்தம் செல்லும் சாலையில் மரநிழல்களில் வண்டியை நிறுத்தி மருத்துவம் பார்க்கும் வழக்கத்தை ஐடா தொடங்கினார். முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் இப்பயணங்கள் நடைபெற்றன. இந்தச் சாலையோர மருந்தகங்கள் பிற்காலச் சமுதாய நலப் பணிக்கு முன்னோடியாக அமைந்தன.

ஐடாவின் தோழி கெர்ட்ரூட் டாட் என்பவர் தம் சொந்தச் செலவில் வேலூர் வந்து தங்கி நிர்வாகத்திற்கு உதவினார். ஏழைச் சிறுமியர் பலரின் கல்விச் செலவையும் ஏற்றார்.

பயிற்சிப் பள்ளிகள்

கடல் கடந்து வரும் சில மருத்துவர்களால் இத்தனை கிராமங்களின் தேவையை நிறைவு செய்ய இயலாது என்பதை ஐடா விரைவில் உணர்ந்தார். அந்நாளில் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்ட போதிலும் அங்கு பயின்ற பெண்கள் மிகச் சிலரே. வட இந்தியாவில் லூதியானாவில் எடித் பிரவுன் 1894 ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கென மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருந்தார்.

1909 ஆம் ஆண்டில் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1918 ஆகஸ்டு மாதத்தில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. விண்ணப்பிக்கப் பெண்கள் முன்வருவார்களா என்று அரசு அதிகாரிகளே ஐயுற்றனர். ஆனால் முதல் ஆண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன. சிலரே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். மிகக் குறைந்த ஆசிரியர்களோடும் கருவிகளோடும் ஐடா தாமே பாடங்களை நடத்தினார். 1922 ஆம் ஆண்டில் இறுதித் தேர்வு எழுதிய முதல் அணியினர் 14 பேரும் தேர்ச்சி பெற்றனர். பின்னர் தோட்டப்பாளையத்தில் பெரிய மருத்துவமனையும் பாகாயத்தில் பள்ளி வளாகமும் எழுந்தன.

கல்லூரியாக உயர்வு

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு, பட்டயப் படிப்பை நிறுத்தி மருத்துவப் பட்டப் படிப்பை மட்டுமே ஏற்க முடிவு செய்தது. கூடுதல் பேராசிரியர்கள், படுக்கைகள், ஆய்வகங்கள் இல்லாவிடில் பள்ளியை மூட வேண்டிய நிலை ஏற்பட்டது. எழுபது வயதை எட்டியிருந்த ஐடா, 1941 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942 ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது.

நிதிக்காகப் பல திருச்சபைகளின் ஆதரவைப் பெற வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற கருத்து எழுந்தது. பெண்களுக்கென்றே நன்கொடை திரட்டித் தந்த அமெரிக்கப் பெண்கள் சிலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஐடாவின் நெடுநாள் ஆதரவாளரான லூசி பீபாடி அவர்களுள் ஒருவர். நீண்ட தயக்கத்திற்குப் பின் ஐடா மாற்றத்தை ஏற்றார். 1947 ஆம் ஆண்டில் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர்.

இறுதிக் காலம்

1946 ஆம் ஆண்டில் ஐடா பணி ஓய்வு பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில், விசாகப்பட்டினத்தில் பிறந்த மருத்துவர் ஹில்டா லாசரஸ் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அயல்நாட்டார் தொடங்கிய பணியை இந்தியப் பெண் ஒருவர் தலைமையேற்று நடத்துவதை ஐடா தம் வாழ்நாளிலேயே கண்டார். கொடைக்கானலில் இருந்த தம் இல்லத்தில் வாழ்ந்த அவர், 1960 மே மாதத்தில் தமது 89 ஆம் வயதில் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

நினைவுகள்

வேலூரில் மருத்துவமனை அமைந்துள்ள சாலை ஐடா ஸ்கடர் சாலை என வழங்கப்படுகிறது. இவர் பெயரில் நகரில் பள்ளி ஒன்றும் உள்ளது. இவர் முதலில் கட்டிய ஷெல் மருத்துவமனை பின்னாளில் கண் மருத்துவமனையாக இயங்கியது.