ஏடுகளுக்கு முகவரி தேடிய ஏந்தல்

திருப்பாச்சூர் என்ற பெயருக்குப் பொருள் என்ன? பாசு என்றால் மூங்கில். மூங்கில் காடாயிருந்த ஊர் என்பர் ஊரார். சரி, அதை ஆராய விரும்பும் தோழர் எந்த அகராதியைப் புரட்டுவார்? யார் எழுதிய நூலை, எங்கே போய்த் தேடுவார்?

ஆலைத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஸ்டோரிலே ஆயிரம் உதிரிபாகங்கள் இருக்கலாம். எது எந்த அடுக்கில் என்று காட்டும் பதிவேடு இல்லையென்றால், இருந்தும் என்ன பயன்? இயந்திரம் நின்றுதானே கிடக்கும்! மொழியாராய்ச்சிக்கும் அப்படியொரு பதிவேடு வேண்டும். தமிழுக்கு அதைத் தொகுத்தளித்த பெருமக்களிலே ஒருவர் தனிநாயகம் அடிகள்.

1913இல் யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பனில் பிறந்தார். ரோமாபுரியிலே சமயக் கல்வி பயின்று குருவானார். ஐரோப்பிய மொழிகள் பல கைவந்தன. ஆனால் தாய்மொழியை முறையாகக் கற்றதோ, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக்கு ஆசிரியராக வந்த பிறகுதான்! அடுத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்தார். பிந்தித் தொடங்கினோமே என்று வெட்கவில்லை, முந்தி ஓடினார்.

தமிழின் பெருமையைத் தமிழரிடமே பேசினால் போதுமா? உலகுக்கு உணர்த்த வேண்டாமா? 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். ஐரோப்பிய நூலகங்களில் ஏறி இறங்கினார். 1554இல் லிஸ்பனில், தமிழ்ச் சொற்களை ரோம எழுத்தில் அச்சிட்ட நூலைப் பற்றி அறிஞருலகுக்கு எடுத்துரைத்தார். 1679இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அச்சான புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி, வத்திக்கான் நூலகத்திலே உறங்கிக் கிடந்தது. அதன் பக்கங்களை உள்ளது உள்ளபடியே 1966இல் கோலாலம்பூரில் பதிப்பித்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ச் சொற்கள் ஆராய்வோர் கைக்கு வந்தன.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராயிருந்த காலம் அது. அதே 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கே கூடியது. தமிழியல் நூல்களுக்கான அவருடைய வழிகாட்டிப் பட்டியலும் அதே ஆண்டில் வெளிவந்தது. மாநாட்டைக் கண்டவர் பலர்; பட்டியலைக் கண்டவர் சிலர். விழாவுக்கு விளக்கொளி உண்டு, பட்டியலுக்கு ஏது? ஆயினும் செய்தது எது, செய்ய வேண்டியது எது என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்வது பட்டியலல்லவா!

1980 செப்டம்பர் முதல் நாள் அடிகள் மறைந்தார். ஒன்பதே மாதங்களில் யாழ்ப்பாண நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏடு எரிந்தாலும் அதன் பெயர் பட்டியலில் நின்றால், வேறெங்கோ உள்ள பிரதியைத் தேடிப் பிடிக்கலாம். பட்டியலும் இல்லையேல், இழந்தது இன்னதென்றுகூடத் தெரியாதே!

தோழர்களே, உங்கள் படிப்பகத்து அலமாரியில் எத்தனை நூல்கள் உள்ளன? பெயர், ஆசிரியர், ஆண்டு எழுதிய நோட்டு உண்டா? இல்லையென்றால் வரும் ஞாயிறன்றே தொடங்குங்கள். அடிகளாருக்கு மாலையைவிட அதுவே மரியாதை என்போம் நாம்.