மண்டையோடும் முதுகெலும்பும் கற்பித்த ராணிப்பேட்டை மகள்: டாக்டர் ஐடா ஸ்கடர்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் படியேறாத குடும்பம் நம் பகுதியில் அநேகமாக இருக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என எந்த ஊரில் கேட்டாலும், யாரோ ஒருவர் அங்கே சிகிச்சை பெற்றிருப்பார். அந்த மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடரின் பெயரும் நமக்குத் தெரிந்ததே. ஆனால் அவரை மருத்துவராக்கிய இரவில் ஒரு முஸ்லிம் பெண்ணின் மரணமும் இருந்தது என்பதைப் பலர் அறிவதில்லை.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். குடும்பம் அமெரிக்கக் கிறித்தவ மிஷனைச் சேர்ந்தது. தாத்தாவும் தந்தையும் மருத்துவர்கள். ஐடாவுக்கு மட்டும் அந்த வாழ்க்கை வேண்டாம் என்றிருந்தது. அமெரிக்காவில் பள்ளிப்படிப்பை முடித்தவர், நோயுற்றிருந்த தாயைக் கவனிப்பதற்காகத் திண்டிவனம் வந்தார். சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதே எண்ணம்.

ஒரே இரவில் மூன்று ஆண்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் போராடிக்கொண்டிருந்தார்கள். தந்தை டாக்டர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் பிரசவம் பார்க்க மூவருமே சம்மதிக்கவில்லை. ஐடா வந்தால் போதும் என்றார்கள். ஆனால் அவர் மருத்துவம் படித்தவர் அல்ல. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

அந்த முஸ்லிம் கணவர் மனைவியின் மீது அக்கறை இல்லாதவர் அல்ல. நள்ளிரவில் ஓடி வந்தவர் அவர். பெண் மருத்துவர் வேண்டும் என்று அவர் கேட்டதிலும் தவறில்லை. கேட்ட இடத்தில் அப்படி ஒருவர் இல்லை என்பதுதான் அந்தப் பெண்ணின் உயிரைக் கொண்டுபோனது.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இன் தொடக்கத்தில் வேலூர் வந்தார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த பத்தாயிரம் டாலரில், 1902இல் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் வண்டியில் சென்று, மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்தார்.

ஒரு பெண் மருத்துவரால் எத்தனை கதவுகளுக்குப் போக முடியும்? அவர் ஒரு பிரசவத்தில் இருக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொரு பெண் இறந்துகொண்டிருந்தாள். அதனால் இந்தியப் பெண்களையே மருத்துவராக்கத் துணிந்தார். மதராஸ் அரசின் மருத்துவத் தலைமை அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. விண்ணப்பிக்கவே ஆளிருக்காது என்று நினைத்தார். 1918 ஆகஸ்டில் பள்ளி தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்திருந்தன.

கட்டடமும் கருவிகளும் போதாத நிலையில், உடற்கூறு பாடத்தை ஐடாவே எடுத்தார். மருத்துவப் படிப்பு அன்றும் இன்றும் எலும்பிலிருந்துதான் தொடங்குகிறது. பெரியவர் ஒருவரின் மண்டையோட்டில் 22 எலும்புகள்: மூளையைக் காப்பவை 8, முகத்தில் 14. முதுகெலும்பு பிறக்கும்போது 33 சிறு எலும்புகளாக இருக்கும்: கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதன் கீழே 5, வால் பகுதியில் 4. வளர வளரக் கடைசி ஒன்பதும் இணைந்து இரண்டாகிவிடுகின்றன. இவற்றைப் படத்தில் பார்த்தால் போதாது. கையில் எடுத்துத் திருப்பி, ஒவ்வொரு மேடும் பள்ளமும் விரலுக்குப் பழக வேண்டும்.

ஏன் இந்தப் பழக்கம்? பிரசவ அறையில் கண்ணுக்கு முன் விரல்தான் பார்க்கிறது. பிறக்கப்போகும் குழந்தையின் மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. நாம் உச்சிக்குழி என்று சொல்லும் மென்மையான இடம் முன்னால் பெரிதாகவும், பின்னால் சிறிதாகவும் உண்டு. விரலில் தட்டுப்படுவது எது என்பதை வைத்தே, குழந்தையின் தலை எப்படித் திரும்பியிருக்கிறது என்று மருத்துவர் அறிகிறார். தாயின் முதுகெலும்பின் அடிப்பகுதி அதிகமாக முன்னுக்குத் துருத்தியிருந்தால் வழி குறுகும். குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளும். குழந்தையின் மண்டையோட்டையும் தாயின் முதுகெலும்பின் நுனியையும் அறிந்த ஒரு பெண்ணின் கைதான், அன்று திண்டிவனத்தில் இல்லாமல் போயிற்று.

எலும்பைக் கையில் எடுத்துப் படிப்பது நமக்கு அந்நியமான கல்வியும் அல்ல. ஹதீஸும் அரபு இலக்கணமும் கற்ற பக்தாத் அறிஞர் அப்துல் லத்தீஃப், 1200ஆம் ஆண்டை ஒட்டிய கொடும் பஞ்சத்தின்போது எகிப்தில் இருந்தார். அங்கே குவிந்து கிடந்த எலும்புக்கூடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்வையிட்டார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதியதை உலகம் நூற்றாண்டுகளாக நம்பியிருந்தது. அது ஒரே எலும்புதான் என்று அவர் பதிவு செய்தார். ஏட்டைவிடக் கண்ணால் கண்டதற்கே அவர் மதிப்புக் கொடுத்தார்.

ஐடாவின் மாணவிகளும் அப்படித்தான் கற்றார்கள். அரசுத் தேர்வில் ஆண்கள் பள்ளிகளில் ஐந்தில் ஒருவரே தேறிய ஆண்டில், வேலூரிலிருந்து எழுதிய 14 பெண்களும் தேறினார்கள். 1922இல் முதல் அணி மருத்துவர்களாக வெளியே வந்தது. 1942இல் பள்ளி எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது; 1947இல் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது. 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்கே நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். மண்டையோட்டையும் முதுகெலும்பையும் திறந்து சிகிச்சை செய்யும் அத்தகைய துறை இந்தியாவில் அதுவே முதல். அதையும் கண்ட பிறகே, 1960 மே 24 அன்று கொடைக்கானலில் தம் 89ஆம் வயதில் ஐடா காலமானார்.

இன்றும் நம் வீட்டுப் பெண்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது, லேடி டாக்டர் இருக்கிறாரா என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். அது நியாயமான கேள்வி. அதே வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகள் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால், இத்தனை வருடம் படித்து என்ன ஆகப்போகிறது, கல்யாணம் தள்ளிப்போகுமே என்று தயங்குகிறோம். பெண் மருத்துவர் எங்கிருந்தாவது வர வேண்டும். நம் வீட்டிலிருந்து மட்டும் போக வேண்டாம் என்றால் கணக்கு எப்படிச் சரியாகும்?

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. தமக்குப் பின் கதவு தட்டப்படும்போது எழுந்து செல்ல, நூற்றுக்கணக்கான பெண்களைத் தயார் செய்துவிட்டுப் போனார். நம் தெருவில் ஒரு கதவு தட்டப்படும்போது எழுந்து செல்லும் மருத்துவர், நம் மகளாகவும் இருக்கட்டும்.