மலைமக்களின் இளங்குரு

திருச்சூர் கல்தாய சுறியானி சபைக்கு 1908 முதல் 1945 வரை பேராயராக விளங்கியவர் மார் அபிமலேக் திமோத்தேயு என்னும் அசீரியர். அவரை இந்தியாவுக்கு அனுப்பிவைத்த மார் பென்யாமின் சீமோனைப் பற்றியே எழுத விழைகிறேன்.

துருக்கியின் ஹக்காரி மலைவாழ் அசீரியக் கிறித்தவர்களுக்கு 1903இல் அவர் தலைமைக் குருவானபோது வயது 16. அக்குடும்ப வழக்கப்படி புலால் உண்ணாதவர். சவ்வாது மலையில் பிறந்த எனக்கு, ஊருக்கும் நாட்டுக்கும் தலைவர் இருந்து வழக்குத் தீர்ப்பது புதிதன்று. ஹக்காரியிலோ குருவே வழக்கும் தீர்ப்பார், போரும் அறிவிப்பார்.

1915இல் அவர் ருஷ்யர் பக்கம் நின்று துருக்கி அரசை எதிர்த்தார். தம்பி ஹொர்மிஸ்தோ துருக்கியர் கையில் பிணை! பணியாவிடில் தம்பி உயிருக்கு உறுதியில்லை என்று செய்தி வந்தது. மக்கள் அத்தனை பேரும் தம் பொறுப்பு, தம்பி ஒருவனே என்று கருதி அவர் மறுத்துவிட்டார். தம்பி கொல்லப்பட்டார். நானாக இருந்தால் பணிந்திருப்பேன்.

அவ்வாண்டே ஊர்கள் அழிந்தன. மக்கள் மலையிறங்கிப் பாரசீகம் புகுந்தனர். 1917 புரட்சிக்குப்பின் ருஷ்யப் படையும் விலகியது. 1918 மார்ச்சில், சமாதானம் பேச அழைத்த குர்தியத் தலைவர் சிம்கோவைக் கண்டு திரும்பும் வேளையில், இளங்குரு சுட்டுக் கொல்லப்பட்டார்.

அக்கோடையில் முதியோரும் குழந்தைகளுமாக மக்கள் உருமியாவிலிருந்து ஹமதான் வரை நடந்தனர். வழியில் பல்லாயிரவர் மடிந்தனர். எஞ்சியோருக்குப் பாக்தாத் அருகே பாகூபாவில் கூடாரங்களே வீடாயின. 1920இல் அவருடைய சகோதரர் மகனான 12 வயதுச் சிறுவன் குருவானான். பின்னர் ஹக்காரிக்கு மீண்டும் ஏறிக் குடியமர்ந்தோரையும் 1924இல் துருக்கிப் படை விரட்டியது.