சி. கொண்டைய ராஜு

சி. கொண்டைய ராஜு (1898 - 1976) தமிழகத்தைச் சேர்ந்த ஓவியர் ஆவார். சிவகாசியில் அச்சான நாட்காட்டிகளின் தெய்வப் படங்களுக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

சென்னையில் பிறந்து, அங்குள்ள அரசு ஓவியப் பள்ளியில் பயின்றார். துறவில் நாட்டம் கொண்டு திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் சிலகாலம் தங்கினார். பின்னர் நாடகக் குழுவொன்றில் திரைச்சீலை ஓவியராகச் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றார். 1940களில் கோவில்பட்டியில் குடியேறினார். தென்காசி, குற்றாலம் ஆகியவற்றைப் போலவே அவ்வூரும் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஓவிய முறை

தூரத்தையும் அண்மையையும் காட்டும் நாடகத் திரைச்சீலை உத்தியை இவர் தெய்வப் படங்களின் பின்னணியில் பயன்படுத்தினார். இரவி வர்மாவின் தாக்கமும் இவரிடம் உண்டு. பட்டாடையின் மடிப்பு, சரிகைக் கரை, அணிகலன்கள் ஆகியவற்றை நுணுக்கமாகத் தீட்டினார். மீனாட்சி கல்யாணம் இவரது புகழ்பெற்ற படங்களுள் ஒன்று.

தாக்கம்

வணிகர்கள் இலவசமாக வழங்கிய நாட்காட்டிகள் வழியே இப்படங்கள் எளியோர் இல்லங்களையும் அடைந்தன. ஆண்டு முடிந்தபின் படத்தை மட்டும் சட்டமிட்டு வழிபட்டோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் ஓவியரின் பெயரை அறிந்திருக்கவில்லை. நாட்காட்டிப் படம் என்பதால் கலையுலகம் நெடுங்காலம் இவற்றைப் பொருட்படுத்தவில்லை; பிற்கால ஆய்வாளர்களே இவற்றின் சிறப்பைப் பதிவு செய்தனர். டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் ஆகியோர் இவரது மாணவர்கள்.